ரத்தம் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு மாத்திரை?

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஆனி மாதம் முதன்முறை என்னிடம் வந்தபோது, அவருடைய இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்தாற்போல் மண்ணீரல் வீங்கியிருந்தது. வெள்ளையணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். பதினோராயிரம் வரைதான் இயல்பு. வந்திருந்தது சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு இமாடினிப் மாத்திரை, 400 மில்லிகிராம், எழுதிக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் எண்ணிக்கை ஏழாயிரத்துக்கு இறங்கியது. அதன் பிறகு ஆளைக் காணோம்.

சம்பா அறுவடை முடிந்து மாசியில் வந்தார். எண்ணிக்கை மறுபடியும் தொண்ணூறாயிரம். "ரத்தம் சரியாகிவிட்டதே டாக்டரம்மா, பிறகு எதற்கு மாத்திரை? நடவு நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் நின்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது" என்றார். கோபம் வந்தது. யோசித்தால், அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் நுனிகளை மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன 22ஐ 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கண்டுபிடித்தார்கள். இது இடமாற்றம் என்று 1973இல் மரபியல் ஆய்வாளர் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு கலப்பு மரபணு உருவாகி, ஒரு நொதியைச் செய்கிறது.

வரப்பில் நின்று நாற்றுமுடி வீசுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் போலத்தான் இந்த நொதியும். ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் வேலை. பாஸ்பேட் கிடைத்த புரதங்கள் செல்லைப் பெருகச் சொல்லும். நல்ல நொதி, போதும் என்றால் நிறுத்திக்கொள்ளும். கலப்பு நொதியோ வயல் நிறைந்த பிறகும் முடியை வீசிக்கொண்டே இருக்கும். ஏ.டி.பி. வந்து அமர வேண்டிய குழியில் இமாடினிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீசுகிறவர் கையில் முடி இல்லை, நடவு நிற்கிறது.

ஆனால் அது அங்கேயே தங்கிவிடாது. ஏறக்குறைய 18 மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகிவிடும். அந்தக் கலப்பு மரபணுவோ செல்லுக்குள் அப்படியேதான் இருக்கிறது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிழைத்திருக்கும் செல்களில் சில, குழியின் வடிவத்தையே மாற்றிக்கொண்டு பெருகலாம். நொதியின் 315ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், இமாடினிப் உள்ளே நுழையாது. அதற்கு வேறு மருந்து வேண்டும். பல ஆண்டுகள் நோய் மிக ஆழமாக அடங்கியிருந்தால் சிலருக்கு நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதுவும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் சொல்லித்தான்.

இன்னொன்றும் அன்று தெரியவந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளை வாய்ப் புற்றுநோய் வந்த மைத்துனருக்குக் கொடுத்திருக்கிறார். பாசம்தான், ஆனால் வீண். இந்த மருந்து பிடித்து நிறுத்துகிற நொதி அங்கே நோயை நடத்தவில்லை. அதனால்தான் நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் என்ற மருந்தை எழுதும் முன்பு ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பரிசோதனைக்குப் பணமா என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இமாடினிப்பைச் சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும், குமட்டல் குறையும். புரட்டாசி சனி விரதம் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கிரேப்ஃப்ரூட் சாறு மருந்தின் அளவை ஏற்றிவிடும். அதன் உறவான பம்ப்ளிமாஸையும் வேண்டாம் என்கிறேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோ இமாடினிப்பின் அளவை இறக்கிவிடும். கண் இமை வீங்கலாம், தசை பிடிக்கலாம், சிலருக்கு நிறம் சற்று வெளுக்கும். "கல்யாணத்துக்கு முன்பே கிடைத்திருக்கலாம்" என்று ஓர் அம்மா சிரித்தார். பிள்ளை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இமாடினிப்பின் காப்புரிமைக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. உள்நாட்டுத் தயாரிப்புகள் கிடைக்கின்றன.

மன்னார்குடிக்காரர் இப்போது மாதாமாதம் வெற்று அட்டைகளைப் பையில் கொண்டுவருகிறார். நான் எண்ணுகிறேன். போன மாதம் இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது.

"கும்பாபிஷேகம் டாக்டரம்மா" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே.