ஆச்சியின் ஈயச் சொம்பும் ஓர் அம்லோடிபைன் மாத்திரையும்

“தம்பி, எனக்கு 68 வயசு. 15 வருஷமாப் பிரஷர் மாத்திரை போடுறேன். என் கல்யாணத்தில் சாமான் பரப்பினப்போ வைத்த ஈயச் சொம்புலதான் இன்னைக்கும் ரசம். ஈயம் பிரஷரை ஏத்தும், தூக்கிப் போடுங்கன்னு மகன் சென்னையிலேருந்து சண்டை போடுறான். போடவா, வேணாமா?”

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி அனுப்பிய வாட்ஸ்அப் இது. கூடவே சொம்பின் படம். பளபளவென்று தேய்த்து, கழுத்தில் பெயர் வெட்டியது.

மகன் சொல்வது பாதி சரி. மீதிக் குழப்பம் தமிழில் இருக்கிறது. ஈயம் என்ற ஒரு சொல்லுக்குள் நாம் இரண்டு உலோகங்களைக் குடிவைத்திருக்கிறோம். ரசச் சொம்பு செய்வதும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். நஞ்சு என்று பயப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான். ஆனால் இரண்டும் மெத்தென்ற, சீக்கிரம் உருகும் உலோகங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் அடி ஒழுகிப்போவது அதனால்தான். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும், விலையோ மலிவு. அப்புறம் என்ன, கலப்படம் செய்யக் கை துறுதுறுக்காதா?

இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். சொம்பைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல், உள்ளே காற்று தங்காமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர்தான் சொம்பு உலோகத்தின் கனஅளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். வெள்ளீயம் என்றால் 7.3 பக்கம், காரீயம் என்றால் 11.3. ஏழரையைத் தாண்டினால் அந்தச் சொம்பை அலமாரிக்கு அனுப்பிவிடலாம். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலந்திருந்தால் இந்தத் தராசுக்குத் தெரியாது. அதற்கு நகைக்கடையில் தங்கத்தைப் பார்க்கிறார்களே, அந்த மாதிரி எக்ஸ்-ரே கருவி வேண்டும். புளித்தண்ணீர் காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் என்பதால், சிறு கலப்பும் நல்லதில்லை.

சரி, காரீயம் உடம்புக்குள் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரஷரை அது என்ன செய்யும்? என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டேன். அம்லோடிபைன். பதில் அந்த மாத்திரைக்குள்ளேயே இருந்தது.

ரத்தக் குழாயின் சுவரைச் சுற்றி மெல்லிய தசை ஓடுகிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ரத்த ஓட்டத்துக்கான தடை ஒன்றரை மடங்காகிவிடும், ஆரத்தின் நான்காம் அடுக்கு செய்கிற வேலை அது. அந்தத் தசையிடம் ‘இறுகு’ என்று சொல்வது கால்சியம். செல்லுக்கு உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்கு கால்சியம் வெளியே நிற்கிறது. செல் அதை ஓயாமல் வெளியே இறைத்து, கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. கதவு ஒரு கணம் திறந்தால் போதும், திமுதிமுவென்று உள்ளே பாயும். உள்ளே கால்மோடுலின் என்றொரு புரதம். அதற்கு நான்கு பைகள். நான்கிலும் கால்சியம் உட்கார்ந்ததும் அது உருமாறிப் போய் ஒரு நொதியைத் தட்டி எழுப்புகிறது, நொதி தசையை இறுக்குகிறது. வேலை முடிந்ததும் கால்சியம் வெளியேறும், தசை தளரும். அம்லோடிபைன் அந்தக் கதவை ஓரளவு அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது காரீயம் வருகிறது. அயனியானதும் கால்சியத்துக்கு இருப்பதைப் போலவே இரண்டு நேர்மின்னூட்டம். கால்சிய அயனியின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), இதற்கு 1.19. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கல்யாணப் பந்தியில் யார் வீட்டு ஆள் என்று கேட்டா இலை போடுகிறார்கள்? கால்சியத்தின் கதவு வழியாக அதுவும் நுழைகிறது. கால்மோடுலின் பையில் உட்கார்ந்துகொள்கிறது. புரோட்டீன் கைனேஸ் சி என்று இன்னொரு நொதி இருக்கிறது, குழாயை இறுக்குவதில் அதற்கும் பங்குண்டு. சோதனைக் குழாயில் அதை எழுப்பக் கால்சியம் தேவைப்படும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான காரீயமே போதுமாக இருக்கிறது. அசலைவிடப் போலிக்கு மரியாதை அதிகம்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

குழாயைத் தளரச் சொல்வதற்கும் உடம்பில் ஓர் ஆள் உண்டு: நைட்ரிக் ஆக்சைடு வாயு. 1998-இல் மருத்துவ நோபல் அதன் இந்த வேலையைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான். காரீயம் கிளப்பிவிடும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்த வாயுவையும் தின்றுவிடுகின்றன. சிறுநீரகத்துக்கும் அடி.

ஆள்மாறாட்டம் இத்தோடு நிற்கவில்லை. எலும்பு கால்சியத்தின் பண்டகசாலை இல்லையா? கால்சியம் என்று நினைத்து அது காரீயத்தையும் வாங்கி அடுக்கிவிடுகிறது. பெரியவர்கள் உடம்பிலுள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். ரத்தத்தில் இருப்பது பாதியாக ஒரு மாதம் ஆகும் என்றால், கெட்டி எலும்பில் இருப்பது பாதியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஆச்சி 1980-களில் சென்னையில் மெயின் ரோட்டு மேல் குடியிருந்தவர். அப்போது பெட்ரோலில் காரீயம் கலந்தார்கள். நாடு முழுக்க நின்றது 2000-இல். அன்று மூச்சில் போனது இன்னும் பேரேட்டில் பற்றாக நிற்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரையக் கரைய, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து மாத்திரையை மாற்ற வேண்டாம். ரத்தத்தில் காரீயம் இரட்டிப்பானால் பிரஷரின் மேல் எண் சராசரியாக 1 புள்ளிதான் ஏறுகிறது. கவலை வேறு இடத்தில். அமெரிக்காவில் 14,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2018-இல் வந்தது; ரத்தத்தில் கொஞ்சமே காரீயம் இருந்தவர்களிலும் இதய நோய் மரணம் கூடியிருந்தது. ஏற்கெனவே பிரஷரால் குழாயும் சிறுநீரகமும் நைந்திருப்பவருக்கு இது கூடுதல் சுமை. 2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் காரீயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றையும் இதய நோய்க்கான காரணிகளில் சேர்த்துப் பேசியது. காட்மியம் யாருக்கு என்றால், முகப்பில் உட்கார்ந்து சுருட்டு பிடிக்கும் ஐயாக்களுக்கு. புகையிலை அதை மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்திருக்கும்.

இந்தப் பயத்தை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். போன வருஷம் ஒரு பொருட்காட்சியில், உப்புத்தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்தால் பாதம் வழியாக உலோக நஞ்சு இறங்கிவிடும் என்றார் ஒருவர். மின்சாரம் போட்டதும் தண்ணீர் பழுப்பாகிறது, சுற்றி நிற்பவர்கள் வாய் பிளக்கிறார்கள். “காலை வைக்காமல் ஒருதரம் ஓட்டிக் காட்டுங்களேன்” என்றேன். கடைசிவரை ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் அதே பழுப்பு வந்திருக்கும், உள்ளே இருக்கும் இரும்பு மின்முனை துருப்பிடிக்கிறது. இதை நடத்திய ஊர் எது தெரியுமா? காரைக்குடி. 1948-இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மின்வேதியியலுக்கென்றே தேசிய ஆய்வகம் எழும்பிய ஊர்!

அதே மின்வேதியியலால்தான் ரத்தத்தில் காரீயத்தை அளக்கிறார்கள். மின்முனையில் காரீயத்தைப் படியவைத்து, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றுவார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்கென்று உள்ள மின்னழுத்தத்தில் கழன்று ஓடும்; அப்போது பாயும் மின்னோட்டம் அளவைச் சொல்லிவிடும். விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு போதும், கைக்கு அடக்கமான கருவி. நான் என் ரத்தத்தைப் பார்க்கப் போனபோது, மாதிரியைச் சென்னைக்கு அனுப்பணும், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறது. மாத்திரை கொண்டுவரும் அந்த அம்மா ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துப் போகட்டுமே. பெரிய ராக்கெட் செலவு ஒன்றுமில்லை. 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு அந்தக் கணக்கு. முதலில் அளந்தால்தானே தேட முடியும்?

ஆச்சி மறுநாளே சொம்பைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டார். எடை 645 கிராம், தராசு காட்டியது 88. வகுத்தால் 7.33. வெள்ளீயம்தான், பெரிய கலப்படம் இல்லை; சிறு கலப்பு உண்டா என்று எக்ஸ்-ரே கருவியில் ஒருதரம் பார்த்துவிட்டு ரசம் வையுங்கள் என்று எழுதினேன். நன்றி சொல்லி இன்னொரு படம் அனுப்பினார். வீட்டில் மராமத்து நடக்கிறதாம். முகப்பு ஜன்னல்களில் அப்பச்சி காலத்துப் பச்சைப் பெயின்ட்டை ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். வளவு முற்றம் முழுக்கப் பச்சைத் தூள்.

எனக்குச் சொம்பு மறந்தே போய்விட்டது. வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று இங்கே வரம்பு அமலானது 2017-இல். அதற்கு முன்னால் அடித்த பெயின்ட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். தேய்ப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் தெளித்து ஈரமாகத்தான் சுரண்டணும், தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள், பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்று மூச்சுவிடாமல் எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் பதில்: “நிறுத்திட்டேன் தம்பி. ஆசாரிக்கும் பிரஷராம்.”