இரவு பத்தரை மணிப் பசி

வெள்ளவத்தையில் உளவளத்துணை நாடி என்னிடம் வருபவர்களில் பலர், "எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. காலையில் ஒரு பிளேன்டீயோடு வீட்டை விட்டு இறங்கி, காலி வீதி நெரிசலில் பேருந்தில் நின்றபடி வேலைக்குப் போய், மதியச் சோற்றில் பாதியை மிச்சம் வைத்து, இரவுவரை தன்னை அடக்கியே வைத்திருக்கும் ஒருவரிடம் கட்டுப்பாடு தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது.

வங்கி உத்தியோகத்தர் ஒருவரை, அடையாளங்களை மாற்றி, இங்கே குறிப்பிடுகிறேன். வீட்டார் உறங்கிய பின் சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல், நின்றபடியே முறுக்கையும் கேக்கையும் சாப்பிட்டுவிட்டு, வெற்றுப் பைகளைக் குப்பையின் அடியில் மறைத்துவைப்பார். அதற்குத் தண்டனையாக மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பார்; அந்தப் பட்டினியே அடுத்த இரவை இன்னும் மோசமாக்கும். உணவைக் குறைக்கும்படி நான் சொல்லவில்லை. சாப்பிடுவதற்கு முந்திய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிவரச் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் அவரே கண்டுகொண்டார்: ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தன் மதிய இடைவேளையில் தொலைபேசியில் அழைத்து, படுக்கையில் இருக்கும் அம்மாவைக் கவனிக்கும் விதத்தில் குறை சொன்ன இரவுகள்தான் அவை. எங்கள் வீடுகளில் மூத்த மகள் கோபப்பட இடமில்லை. சாப்பிடுவதை மட்டும் எவரும் தடுப்பதில்லை.

திடீர் அதிர்ச்சி பசியை அடக்கிவிடும். நாட்கணக்கில் நீளும் மனஅழுத்தமோ கோட்டிசோல் என்ற ஹோர்மோனை உயர்த்தி, பலரிடம் இனிப்பையும் கொழுப்பையும் நாடும் ஆவலைத் தூண்டுகிறது. தூக்கக் குறைவும் பசியைக் கூட்டும். சாப்பிட்டதும் கிடைக்கும் ஆறுதல் உண்மையானதுதான். ஆயினும் அது சற்று நேரமே நிற்கிறது, பின்னால் வரும் வெட்கம் அடுத்த முறைக்கு வழி திறக்கிறது.

உடற்பசி மெல்ல வரும், மனப்பசி சட்டென்று வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பகல் முழுவதும் பட்டினி கிடந்தவருக்கு இரண்டும் கலந்தே வருவதால், இந்த வேறுபாடு அவருக்கு உதவாது. ஆகவே மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுவதையே முதலில் வலியுறுத்துகிறேன். இரவில் ஆவல் எழுந்தால், பத்து நிமிடம் பொறுத்து, மனத்தில் இருப்பது கோபமா, தனிமையா, களைப்பா என்று பெயரிட்டுப் பார்க்கலாம். அதன் பின்னும் வேண்டுமென்றால் தட்டில் எடுத்து, மேசையில் அமர்ந்து, விளக்கொளியில் சாப்பிடலாம்.

வாரம் ஒரு முறையேனும், மூன்று மாதங்களாக, நிறுத்த முடியாமல் பெருமளவில் சாப்பிட்டு அதனால் மிகவும் வருந்துகிறவர் மருத்துவரைச் சந்திப்பது அவசியம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் இதைத் தனியான ஒரு நோயாக வகைப்படுத்தியது. இதற்குச் சிகிச்சை உண்டு. ஸ்டீரொயிட் போன்ற சில மருந்துகளும் பசியைக் கூட்டும் என்பதால், எடுக்கும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தவேண்டாம். உளமருத்துவமனை இருக்கும் அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே தயங்குபவர்கள், அங்குள்ள தேசிய உளச் சுகாதார நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைத்துப் பேசலாம்.

அந்த உத்தியோகத்தர் தம்பியின் அழைப்பை ஞாயிறு காலைக்கு மாற்றினார். அம்மாவைப் பார்க்க ஒருவரை வைக்கும் செலவில் பாதியையும் தம்பியிடம் கேட்டார். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்பதற்கு ஐந்து அமர்வுகள் தேவைப்பட்டன.