வருகிற அணிக்கு ஜாதகம் மண்ணில் இருக்கிறது

2025 நவம்பர் 16, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் இந்தியா ஜெயிக்க வேண்டியது வெறும் 124 ரன். ஆட்டத்தில் இன்னும் இரண்டு நாளுக்கு மேல் பாக்கி. 93 ரன்னில் கதை முடிந்துவிட்டது. கழுத்துப் பிடிப்பால் கேப்டன் கில் அந்த இன்னிங்ஸில் மட்டையோடு இறங்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தென்னாப்பிரிக்காவின் ஆஃப் ஸ்பின்னர் சைமன் ஹார்மர் அந்த ஆட்டத்தில் எடுத்த எட்டு விக்கெட்டுக்கு அது காரணமில்லை. நான்கு இன்னிங்ஸில் ஒரு அணிகூட 200ஐத் தொடவில்லை. மொத்த ஆட்டத்திலும் ஒரே ஒரு அரைசதம், தென்னாப்பிரிக்கக் கேப்டன் பவுமாவின் ஆட்டமிழக்காத 55.

இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் காட்டாமல் காயப்போட்ட அந்த ஆடுகளம் இந்திய அணி கேட்டு வாங்கியது. பயிற்சியாளர் கம்பீரே அதைப் பின்னர் சொன்னார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

ஒரு அணி இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட வருகிறது என்றதும் டிவியில் சராசரி, சதக் கணக்கு, யாருக்கு எதிராக யார் எத்தனை முறை அவுட் என்று பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். 2027 தொடக்கத்தில் ஐந்து டெஸ்ட் ஆட ஆஸ்திரேலியா வருவதாக அட்டவணை சொல்கிறது. அப்போதும் அதேதான் நடக்கும். எனக்கு அந்தப் பட்டியலில் பெரிய நம்பிக்கை கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது மண். அதிலும் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கிறது: பந்து எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாகத் திரும்புகிறதோ, வருகிற அணிக்கு ஒரு கட்டத்துக்கு மேல் அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது.

மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம். கிரிக்கெட் உலகம் 'பிளாக் சாயில், ரெட் சாயில்' என்று பேசுவது நமக்கு ஊர் விஷயம். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கம் கோடையில் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு அது பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பது தெரியும். மழை பெய்தால் அதே மண் ஊதிப் பிசுபிசுத்துச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். கரிசலில் சரியாக அஸ்திவாரம் போடாத வீட்டுச் சுவர் விரிசல் விடுவதும் இதனால்தான். செம்மண் அப்படியில்லை. மழை நின்ற கொஞ்ச நேரத்தில் கால் வைத்து நடக்கலாம். காய்ந்தால் புழுதி பறக்கும்.

இந்த வித்தியாசம் களிமண் துகளின் அமைப்பில் இருக்கிறது. களிமண் கனிமங்கள் எல்லாமே மெல்லிய தகடுகளின் அடுக்கு. அப்பளக் கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். கரிசலில் அதிகமாக இருக்கும் மாண்ட்மோரில்லனைட் வகையில் தகடுகளுக்கு இடையிலான பிடிப்பு பலவீனம். தண்ணீர் உள்ளே புகுந்து தகடுகளைத் தள்ளி வைக்கும், மண் உப்பும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் தகடுகள் நெருங்கி வரும், மண் சுருங்கி வெடிக்கும். செம்மண்ணில் பெரும்பாலும் கயோலினைட். அதன் தகடுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் இடையில் தண்ணீருக்கு இடமில்லை. உப்பாது, பெரிதாகச் சுருங்காது. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு தருவது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு மண்ணையும் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து ஒரு வாரம் மொட்டை மாடியில் காய வையுங்கள். கரிசல் உருண்டை சின்னதாகி, விரிசல் விட்டு, ஆனால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். செம்மண் உருண்டை உருவம் மாறாது, பெருவிரலால் தேய்த்தால் மேலே மாவு மாவாக உதிரும். ஆட்டத்துக்கு முந்தின நாள் வெளிநாட்டுக் கேப்டன் ஆடுகளத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே சோதனைதான்.

இந்தியாவில் செம்மண் ஆடுகளம் என்றால் பொதுவாகப் பந்து எழும்பும், வேகமாக வரும், மேல்பரப்பு சீக்கிரம் உதிரும், உதிர்ந்தபின் எழும்பித் திரும்பும். 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்காகச் சேப்பாக்கத்தில் செம்மண் ஆடுகளம் போட்டபோது முதல் நாள் அந்த அணியின் ஹசன் மஹ்மூத் வேகத்தில் ஆட்டிப் படைத்தார். கடைசி இன்னிங்ஸில் அஸ்வின் ஆறு விக்கெட். கரிசல் ஆடுகளம் ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். பந்து நின்று வரும், தாழ்ந்து வரும்.

ஆனால் மண்ணின் நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. பிரிஸ்பேனிலும் பழைய பெர்த் மைதானத்திலும் இருப்பது வெடிக்கிற கனத்த களிமண்தான். அங்கே பந்து மூக்கைத் தேடி வருகிறது. காரணம், அங்கே புல்லை விட்டு வைக்கிறார்கள். புல்லின் வேர் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுப்பதால் மண் அடிவரை சீராகக் காய்கிறது. ஈரம் சரியான பதத்தில் இருக்கும்போது ரோலர் ஓட்டினால் துகள்கள் நெருங்கி உட்கார்ந்து காங்கிரீட் மாதிரி ஆகிவிடும். பந்தின் சக்தியை மண் தின்பதில்லை; அதனால் எழும்புகிறது. புல்லை மொட்டையடித்து, தண்ணீரை நிறுத்தி, ரோலரைக் குறைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து தளர்ந்துவிடும். ஒரே மண்ணை இரண்டு விதமாகச் சமைக்கலாம். சமையல்காரர் பெயர் கியூரேட்டர், அதாவது ஆடுகளத்தைத் தயார் செய்பவர்.

சரி, தளர்ந்த மண்ணில் பந்து ஏன் திரும்புகிறது? சுழலும் பந்து தரையைத் தொடுவது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான். அதற்குள் உராய்வு இரண்டு வேலை செய்கிறது: முன்னோக்கிய வேகத்தைக் குறைக்கிறது, சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றுகிறது. தரை சொரசொரப்பாக, தூசியாக இருந்தால் பிடிப்பு அதிகம். இரண்டுமே அதிகமாக நடக்கும். இந்தியாவில் பயன்படுத்தும் எஸ்.ஜி. பந்தின் தையல் புடைப்பாக இருப்பதும் கூடுதல் பிடிமானம். தையல் தரையில் பட்டால் பந்து கடித்துக்கொண்டு திரும்பும். அதே பந்து வழவழப்பான தோல் பக்கம் பட்டால் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும். எந்தப் பக்கம் படும் என்பது வீசியவருக்கே தெரியாது. அவருக்கே தெரியாததை பேட்ஸ்மேன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பந்து 5 டிகிரி திரும்புகிறது, பேட்ஸ்மேனுக்கு 3 மீட்டர் முன்னால் குத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டைக்கு வரும்போது அது ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் விலகியிருக்கும். மட்டையின் அகலம் விதிப்படி அதிகபட்சம் 10.8 செ.மீ. நடுவிலிருந்து ஓரத்துக்கு 5.4 செ.மீ.தான். நேராக வரும் என்று நம்பி மட்டையைக் காட்டியவர் தப்பிக்க வேண்டுமானால் பந்து குத்தும் இடத்துக்கு அரை மீட்டரைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்துக்குள் காலை நீட்டிப் போயிருக்க வேண்டும்.

இல்லையென்றால் பின்னால் போய்ப் பார்த்து ஆட வேண்டும். குத்தியபின் பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 3 மீட்டரைக் கடக்க 0.15 நொடி. மனிதக் கண் பார்த்துக் கை நகர 0.2 நொடியாவது வேண்டும். அதாவது குத்தும் இடம் நான்கு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அரை மீட்டருக்கும் நான்கு மீட்டருக்கும் நடுவில் இருப்பது எமலோகம். இந்தியாவில் தடுமாறும் பேட்ஸ்மேன்களைக் கவனியுங்கள்: பாதிக் கால் முன்னால் வைத்து அந்த எமலோகத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

இதற்கு ஆஸ்திரேலியாவின் மாத்யூ ஹெய்டன் 2001இல் கண்ட வழி ஸ்வீப், முட்டி போட்டு மட்டையைக் குறுக்கே வீசுவது. திரும்புவதற்குள் பந்தை மடக்கிவிடுவது. மூன்று டெஸ்டில் 549 ரன், அதில் சேப்பாக்கத்தில் மட்டும் 203. நல்ல வழியாயிற்றே என்று 2023இல் டெல்லியில் ஆஸ்திரேலியர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு விக்கெட்டுக்கு 61 என்று இருந்தவர்கள் 113க்கு மொத்தமும் காலி. ஜடேஜா 42 ரன்னுக்கு ஏழு விக்கெட். ஸ்வீப் ஆட பந்து எவ்வளவு எழும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். டெல்லியில் பந்து முட்டிக்குக் கீழேயே போனது; மட்டை மேலே வீசியது, ஸ்டம்ப் கீழே பறந்தது. சென்னையில் படித்த பாடத்தை டெல்லிப் பரீட்சையில் எழுதினால் இப்படித்தான்.

இப்போது அந்தத் தலைகீழ்க் கணக்குக்கு வருவோம். ஓரளவுக்குத் திரும்பும் ஆடுகளத்தில் விக்கெட் எடுக்க வித்தை வேண்டும். காற்றிலேயே பந்தை மிதக்க விட வேண்டும், திடீரென்று இறக்க வேண்டும், வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அஸ்வின் 537 விக்கெட் எடுத்தது அந்த வித்தையில். கன்னாபின்னாவென்று திரும்பும் ஆடுகளத்தில் இதெல்லாம் தேவையில்லை. சரியான இடத்தில் வேகமாகக் குத்தினால் போதும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். 2021 அகமதாபாத் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. அதில் இங்கிலாந்தின் பகுதிநேரப் பந்துவீச்சாளரான ஜோ ரூட் 8 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். மண் கை கொடுத்தால் எல்லோரும் அந்தக் காலத்துச் சுழல் மேதை பிஷன் பேடிதான்.

இதற்குப் பின்னால் ஒரு நிகழ்தகவு விஷயமும் உண்டு. நூற்றுக்கு அறுபது முறை தலை விழும் கள்ள நாணயம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. மூன்று முறை சுண்டி, அதிகம் விழுவது எதுவோ அது ஜெயிக்கும் என்றால் நீங்கள் ஜெயிக்க 65 சதவீத வாய்ப்பு. 101 முறை சுண்டினால் அது 98 சதவீதம் ஆகிவிடும். கையில் பலம் இருப்பவனுக்கு நீண்ட ஆட்டம் நல்லது. பலம் குறைந்தவன் ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். நாலைந்து நாள் ஓடும் டெஸ்ட் 101 சுண்டல். மூன்று நாளில் முடிவது மூன்று சுண்டலை நோக்கிப் போகிறது. அதில் டாஸ் வேறு பாதி ஆட்டத்தைத் தின்றுவிடும்.

வரலாற்றைப் பாருங்கள். 2012இல் தோனி திரும்பும் ஆடுகளம் கேட்டார். மும்பையில் இங்கிலாந்துச் சுழற்பந்து வீச்சாளர் பனேசர் 11 விக்கெட் எடுத்து, அவர் அணி பத்து விக்கெட்டில் ஜெயித்தது. 2017 புனேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓகீஃப் 70 ரன்னுக்கு 12 விக்கெட். 2024 புனேயில் நியூசிலாந்தின் சான்ட்னர் 13, மும்பையில் அதே அணியின் அஜாஸ் படேல் 11; தொடரை நியூசிலாந்து 3-0 என்று ஜெயித்தது. தொடர்ந்து 18 தொடர்களைச் சொந்த மண்ணில் ஜெயித்திருந்த அணிக்கு அந்தக் கதி. (புனே முதல் இன்னிங்ஸில் கோலி போல்டானது தரையில் குத்தாமலே வந்த ஃபுல் டாஸில். அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது.)

இதில் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. தோற்ற ஆட்டங்கள்தான் நினைவில் நிற்கும். அகமதாபாத்தில் ரூட் ஐந்து எடுத்தும் ஜெயித்தது இந்தியா, பத்து விக்கெட் வித்தியாசத்தில். அக்சர் படேல் அந்த ஆட்டத்தில் பதினொன்று எடுத்தார். அப்புறம் கொல்கத்தாவுக்கு அடுத்து குவாஹாட்டியில் போட்டது நல்ல ஆடுகளம். தென்னாப்பிரிக்கா 489 அடித்தது. அதில் சதம் போட்டவர் செனுரன் முத்துசாமி, மூதாதையர் நாகப்பட்டினத்துக்காரர்கள். இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அங்கே நாணயம் பல முறை சுண்டப்பட்டது. விழுந்தது அவர்கள் பக்கம். ஆக, வந்த அணி நிஜமாகவே நன்றாக ஆடினால் எந்த மண்ணும் தடுக்காது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் 2027க்கு முன் நான் எடுத்துப் பார்க்கப்போவது நாக்பூர், 2023 பிப்ரவரி. ஆட்டத்துக்கு முந்தின நாள்களில் ஆடுகளத்தின் நடுவில் தண்ணீர் காட்டி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள், இடது கை பேட்ஸ்மேன்களுக்கு எதிரான பகுதியை மட்டும் காயவிட்டிருக்கிறார்கள் என்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் படத்தோடு எழுதின. ஆஸ்திரேலியாவின் ஸ்மித் குனிந்து பார்த்துவிட்டு, இடது கை சுழல் நன்றாக எடுபடும் என்று சரியாகவே கணித்தார். அப்படியே முதல் நாளில் ஜடேஜா ஐந்து எடுத்தார், ஆஸ்திரேலியா 177. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரே செஷனில், அதாவது ஒரு நாள் ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதியில், 91. அதே மண்ணில் தன் முதல் டெஸ்ட் ஆடிய டாட் மர்ஃபி என்ற 22 வயது ஆஸ்திரேலியப் பையன் ஏழு விக்கெட் எடுத்தான். ஆனால் அதற்கு அவன் 47 ஓவர் வீச வேண்டியிருந்தது, இந்தியாவும் 400 அடித்துவிட்டது.