'கேள்வி எழவில்லை': அமைச்சரின் எழுத்துப் பதிலை எப்படிப் படிப்பது?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் வந்துவிடும். ஓர் அமைச்சர் கொடுத்த எழுத்துபூர்வமான பதிலில் ஒரே ஒரு வரியைச் சிவப்பு வட்டமிட்டு, மேலே 'அரசே ஒப்புக்கொண்டது!' என்று போட்டிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் அதே பதிலின் வேறொரு வரியை வட்டமிட்டு, 'எதிர்க்கட்சிகளின் பொய் அம்பலம்!' என்று இன்னொரு படம் வரும். இரண்டையும் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கேள்வி என்னவாக இருந்தது? யாருக்கும் தெரியாது. படத்தில் கேள்வியை வெட்டியிருப்பார்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி எழுதித் தரும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். பேச்சு எழுதுவதைவிடக் கேள்வி எழுதுவது கடினம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியில்லாமல் 230 கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் எழுத்தில் மட்டும்தான். மாநிலங்களவையில் இந்தக் கணக்கு 15, 160. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது, நட்சத்திரக் கேள்விகளில் நேரம் கிடைத்த சிலவற்றைத்தான். நேரம் கிடைக்காத மற்ற நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துக்கே போய்விடும். ஆக, அரசு நாடாளுமன்றத்துக்குச் சொல்லும் பதில்களில் மிகப் பெரும்பாலானவை யார் காதிலும் விழாமல் காகிதமாக மேசைக்குப் போகின்றவை.

குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்னால் கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். யாருடையது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மக்களவையில் கேள்வி சாதாரணமாக 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அதில் வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு எதுவும் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தைக் கேட்கக் கூடாது, கற்பனையாக 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்றும் கேட்கக் கூடாது. கோபத்தில் எழுதிய கேள்வி அவையின் செயலகத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். பல நல்ல கேள்விகள் அப்படித்தான் வீணாயின.

கேள்வி தாண்டிப்போய் அமைச்சகத்தைச் சேர்ந்ததும் ஒரு பிரிவில் வரைவு எழுதுவார்கள். அது சார்புச் செயலர், இயக்குநர், இணைச் செயலர் என்று மேசை மேசையாக ஏறி அமைச்சரின் ஒப்புதலில் முடியும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல் குறையும், அல்லது ஒரு சொல் மெலியும். அவையைத் தெரிந்தே தவறாக வழிநடத்தினால் உரிமை மீறல் பிரச்சினை கிளம்பும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதனால் பச்சைப் பொய்யை அந்தக் காகிதத்தில் அதிகம் பார்க்க முடியாது. ஆனால் கேட்காததைச் சொல்லவில்லை என்று யாரையும் யாரும் குற்றம் சாட்ட முடியாதே! எழுத்துப் பதில் என்பது வேலி கட்டிய உண்மை. அந்த வேலிக்குக் கல் நட்டுக் கொடுப்பது பெரும்பாலும் கேள்வி கேட்டவர்தான்.

இதை நான் கற்றது ஒரு சொந்தத் தோல்வியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நலத்திட்டத்தின் உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதைப் பற்றி ஒரு கேள்வி எழுதினேன். (அ) உதவித்தொகை தாமதமாகிறது என்பது உண்மையா. (ஆ) ஆம் எனில், மாநிலவாரியாக எத்தனை பேருக்கு. (இ) நிலுவை எவ்வளவு. (ஈ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன. எல்லாம் கேட்டாயிற்று என்று எனக்கு ஒரே பெருமிதம். வந்த பதில் இரண்டே வரி. (அ): வழிகாட்டு நெறிமுறைகளின்படி தொகை விடுவிக்கப்பட்டு வருகிறது. (ஆ) முதல் (ஈ) வரை: மேற்கண்டதைக் கருத்தில் கொண்டு, கேள்வி எழவில்லை.

அந்த 'ஆம் எனில்' என்ற இரண்டு சொல்தான் என்னைக் கவிழ்த்தது. முதல் பகுதிக்கு 'ஆம்' வராவிட்டால் மற்ற மூன்றும் தானாக உதிர்ந்துவிடும்படி நானே கட்டிக் கொடுத்திருந்தேன். அலுவலகத்தில் இருந்த மூத்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். "உண்மையான்னு கேக்காதீங்க தம்பி, எவ்வளவுன்னு கேளுங்க" என்றார். அடுத்த கூட்டத்தொடரில் மாற்றி எழுதினேன்: மார்ச் 31 நிலவரப்படி, மூன்று மாதங்களுக்கு மேல் தொகை கிடைக்காத பயனாளிகள் மாநிலவாரியாக எத்தனை பேர்? இந்தத் தடவை இணைப்பாக இரண்டு பக்க அட்டவணை வந்தது. தாமதம் என்ற சொல்லே அதில் இல்லை, ஆனால் தாமதம் முழுவதும் எண்களில் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வைப் பார்ப்போம். 2020 செப்டம்பரில் கொரோனா காரணமாகக் கேள்வி நேரமே இல்லாமல் நாடாளுமன்றம் கூடியது. வாய்மொழிக் கேள்விகள் கிடையாது, எழுத்துப் பதில்கள் மட்டும். ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று பதில் சொன்னது. குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று கேட்டதற்கு, மேற்கண்டதைக் கருத்தில் கொண்டு கேள்வி எழவில்லை என்றது. அதே கூட்டத்தொடரில், அதே வாரத்தில், மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகத்திடம் வேறொரு கேள்வி: ஊரடங்கில் தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது இறந்தவர்கள் எத்தனை பேர்? செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று எண்ணோடு பதில் வந்தது. மாநிலக் காவல்துறையிடமிருந்து கிடைத்த தகவல் அது.

ஒரு அமைச்சகம் பொய் சொன்னது, இன்னொன்று உண்மை சொன்னது என்று இதைப் படிப்பது சுலபம். தொழில்முறையில் நான் படிப்பது வேறு மாதிரி. ரயிலில் ஓர் உயிர் போனால் காவல்துறை அதைப் பதிந்தே ஆக வேண்டும், அதனால் அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. நெடுஞ்சாலையில் நடந்தே போய் விழுந்தவர்களை 'புலம்பெயர் தொழிலாளர்' என்ற தலைப்பின்கீழ் எண்ணும்படி எந்த அலுவலகத்துக்கும் யாரும் சொல்லவில்லை. எண்ணாதது ஏன் என்பது அரசைக் கேட்க வேண்டிய கடுமையான கேள்விதான். ஆனால் எண்ணவில்லை என்ற பதிலை, யாரும் சாகவில்லை என்று ஒரு தரப்பும், அரசு மறைக்கிறது என்று இன்னொரு தரப்பும் படித்தன. காகிதத்தில் இரண்டுமே இல்லை.

2021 ஜூலையிலும் இதே கதை. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் பற்றிய கேள்விக்கு மாநிலங்களவையில் வந்த பதிலின் கருத்து இது: சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று மாநிலங்களோ யூனியன் பிரதேசங்களோ குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. 'குறிப்பாக', 'தெரிவிக்கவில்லை' என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து ஒரு மலையைத் தூக்கி நிறுத்துகின்றன. மறுநாள் செய்திகளில் அவை கழன்று 'இறப்பே இல்லை' ஆகிவிட்டது. பதில் எழுதிய அதிகாரிக்கு அந்தச் சொற்களின் எடை தெரியும். படிக்கிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பண விஷயத்தில் இன்னும் உஷாராக இருக்கணும். ஒதுக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது, விடுவிக்கப்பட்டது, செலவழிக்கப்பட்டது என்ற நான்கும் நான்கு வேறு தொகைகள். கேள்வி 'எவ்வளவு நிதி வழங்கப்பட்டது' என்று பொதுவாக இருந்தால், அந்த நான்கில் எது பெரியதோ அது பதிலில் வர வாய்ப்பு அதிகம். காலிப் பணியிடங்களும் அப்படித்தான். எத்தனை காலி என்று மட்டும் கேட்டால் போதாது, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, எந்தத் தேதி நிலவரம் என்று சேர்த்துக் கேட்டால்தான் விகிதம் கிடைக்கும். ஒரு பதிலில் தேதியே இல்லாமல் எண் இருந்தால் நான் அதை யாருக்கும் அனுப்புவதில்லை.

இந்த உரிமை ஒன்றும் சும்மா வந்ததில்லை. 1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டம்தான் முதலில் கேள்வி கேட்க அனுமதித்தது. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா அரசர் கேட்ட முதல் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான்கள் கொடுத்தே நொந்துபோகும் கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றியது! பதிலைக் கேட்டுவிட்டு அதன்மேல் துணைக் கேள்வி கேட்கும் உரிமைக்கு 1909 வரை காத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் போட்ட 1.24 கோடி ரூபாய் பற்றி 1957 செப்டம்பரில் மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. மழுப்பலான பதிலோடு நிற்காமல் மக்களவை உறுப்பினர் ஃபெரோஸ் காந்தி டிசம்பரில் அதை விவாதமாக்கினார். நீதிபதி சாக்ளாவின் விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வியின் மதிப்பு தெரிந்தவர்கள் அதை விற்கவும் செய்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க முன்வந்ததாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் அவைகளிலிருந்து நீக்கப்பட்டது தனிக் கதை.

சரி, பொதுமக்களுக்கு இதில் என்ன வேலை? நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் இரு அவைகளின் கேள்விகளும் பதில்களும் இருக்கின்றன. அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி எது தெரிந்தாலும் தேடலாம். படத்தை அனுப்புவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் போதும். பதிலில் 'தரவு பராமரிக்கப்படவில்லை' என்று இருந்தால், அதே கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடாதீர்கள். அதே வரிதான் திரும்ப வரும். எந்த அலுவலகம், எந்தப் படிவத்தில், எதையெல்லாம் பதிகிறது என்று கேளுங்கள். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி அதை எடுத்துவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்' என்ற பதிலைப் பார்த்தால் பலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. அது கணக்கில் ஏறும் வாக்குறுதி. 'பரிசீலனையில் உள்ளது' என்பதும் அப்படித்தான். மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் இதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். கைவிட அனுமதி கேட்கும் அமைச்சகங்களும் உண்டு. மக்களவை கலைந்தாலும் பாக்கி உறுதிமொழிகள் அதோடு செத்துப்போவதில்லை, புதிய அவையின் குழு எடுத்துப் பார்க்கும்.

நான் எழுதிய ஒரு கேள்விக்கு இப்படித்தான் 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது' என்று பதில் வந்தது. அவகாசத்துக்கு மேல் அவகாசம் போய், இடையில் ஒரு தேர்தலும் வந்தது. கேள்வி கேட்ட உறுப்பினர் தோற்றுப்போனார், நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஒருநாள் வேறு எதையோ தேடும்போது அந்த வாக்குறுதியை நிறைவேற்றியதாக அமைச்சகம் வைத்த அறிக்கை கண்ணில் பட்டது. மாவட்டவாரியாக, நான் கேட்ட எல்லா எண்களும் இருந்தன. அந்தப் பழைய உறுப்பினருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அனுப்பி வைங்க, அடுத்த தேர்தலுக்கு ஆகும்" என்றார்.