எலிக்கு ஆஸ்துமா வராது, வரவழைக்கிறார்கள்

தில்லி ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் படிகளில் பாதி ஏறியதும் பக்கத்து வீட்டு மாமி நின்றுவிடுவார். தீபாவளி முடிந்து புகை கவிந்த நவம்பர் என்றால் கால்வாசியிலேயே. போன வாரம் பஃப் இழுத்துவிட்டு மூச்சு திரும்பியதும் கேட்டார்: “இந்த மருந்தையெல்லாம் மொதல்ல எலிக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தானே நமக்குத் தரா? எலிக்குக்கூடவா வீசிங் வரும்?”

வராது. வராத நோயை வரவழைக்கிறார்கள்.

பழைய வழி இது. முட்டை வெள்ளைக்கருவில் ஓவல்புமின் என்று ஒரு புரதம் உண்டு. அதை அலுமினிய உப்போடு கலந்து சுண்டெலியின் வயிற்றில் ஊசியாகப் போடுவார்கள். சாப்பாட்டுப் புரதத்தைக்கூட எதிரியாகப் பார்க்கும்படி நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடுவது அந்த உப்பின் வேலை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி. அப்புறம் அதே புரதத்தைச் சில நாட்கள் நெபுலைசரில் பனிபோல் ஆக்கி மூச்சில் கொடுப்பார்கள். நுரையீரல் கொந்தளித்துவிடும். ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் திரளும், சளி கோத்துக்கொள்ளும், மூச்சுக்குழல்கள் தொட்டால் சுருங்கும் நிலைக்கு வந்துவிடும்.

அந்தச் சுருக்கத்தை அளக்க, மயக்கம் கொடுத்த எலியின் குரல்வளைக்குக் கீழே சிறு குழாய் செருகிக் குட்டி வென்டிலேட்டரோடு இணைப்பார்கள். மெத்தகோலின் என்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காற்று உள்ளே போக எவ்வளவு தடை என்று பார்ப்பார்கள். மனிதர்களுக்கும் ஆஸ்துமாவை உறுதிசெய்ய இதே மெத்தகோலினை முகரக் கொடுப்பதுண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், மால் ரோட்டில் இருக்கும் ஐ.ஜி.ஐ.பி. என்ற மரபணு, உயிரியல் ஆய்வு நிறுவனத்திலும் இப்படிப்பட்ட எலிகளை வைத்து ஆஸ்துமா ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

குறைகள் நிறைய. முட்டைப் புரதத்தை முகர்ந்து ஆஸ்துமா வந்தவர் நம்மில் எத்தனை பேர்? அதனால் இப்போது பலர் மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியின் சாற்றை எலியின் மூக்கில் விடுகிறார்கள். ஊசியும் உப்பும் தேவையில்லை, நம் கதைக்கும் கொஞ்சம் கிட்டே வருகிறது. இன்னொன்று, ஓவல்புமினை வாரக்கணக்கில் தொடர்ந்து முகரக் கொடுத்தால் எலிக்கு அது பழகிப்போய், நோயே தணிந்துவிடும். மாமிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

தில்லிப் புகையை ஆராய எலியின் மூக்கே இடைஞ்சல். எலி வாயால் மூச்சு விடாது. அதன் வளைந்து நெளிந்த மூக்கு தூசியில் கணிசமான பங்கை வாசலிலேயே பிடித்துவிடும். அதனால் காற்றில் சேகரித்த துகள்களைக் கரைசலாக்கி நேராக மூச்சுக்குழாயில் சொட்டுவிடுவது உண்டு. ஆனால் நாம் மாதக்கணக்கில் துளித்துளியாக இழுப்பதும், ஒரே மூச்சில் ஒரு மடக்கு வாங்குவதும் ஒன்றல்ல. இத்தகைய ஆய்வுச் செய்தியைப் படித்தால், துகள் உள்ளே போன வழியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

எலி பாதி சொல்லும் என்பதற்கு ஐ.எல்-5 கதை நல்ல உதாரணம். ஈசினோபில்களை வளர்க்கும் சமிக்ஞைப் புரதம் அது. 1996-இல் அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளில் ஈசினோபில்களும் கூடவில்லை, மூச்சுக்குழலும் மிகையாகச் சுருங்கவில்லை. மருந்து கிடைத்துவிட்டது என்றே தோன்றியது. 2000-இல் ஐ.எல்-5-ஐத் தடுக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதித்தபோது ஈசினோபில்கள் குறைந்தன, சுருக்கம் அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஈசினோபில் மிகுந்த கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் பொறுக்கி 2009-இல் மீண்டும் பார்த்தார்கள். தீவிரத் தாக்குதல்கள் குறைந்தன. 2015-இல் மெபோலிசுமாப் என்ற அந்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலி காட்டியது ஒரு வகை ஆஸ்துமாவை. எல்லா ஆஸ்துமாவையும் அதன் தலையில் கட்டியது நாம்.

இருமலை ஆராய எலி உதவாது, நம்மைப் போல் அதற்கு இருமத் தெரியாது. அதற்குக் கினிப்பன்றி, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை முகரக் கொடுத்தால் இருமும். ஃப்ளூவுக்குக் கீரி போன்ற உடல்வாகுள்ள ஃபெரட். 1933-இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைப் பிடித்துக் கொடுத்தது அதுதான்.

காசநோய்க்கும் கினிப்பன்றிதான். 1950-களில் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய்க் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். மாதத்துக்குச் சராசரியாக மூன்றுக்குத் தொற்றியது. புற ஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றை முகர்ந்தவற்றுக்குத் தொற்றவே இல்லை. காசநோய் காற்றில் பரவுவதற்கு அசைக்கமுடியாத சான்று அது.

அதே கினிப்பன்றி சென்னையிடம் ஏமாந்ததும் உண்டு. சென்னை நோயாளிகளிடம் எடுத்த காசக் கிருமிகளில் பல, பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் கினிப்பன்றியிடம் வலுவில்லாமல் இருந்ததாக 1960-இல் வெளியான ஆய்வு காட்டியது. வலுவில்லாத அந்தக் கிருமிகள் எங்கிருந்து வந்தன? காசநோயால் அரிக்கப்பட்ட நுரையீரல்களிலிருந்து!

இதையெல்லாம் படி ஏற ஏறச் சொன்னேன். “ஆராய்ச்சி முடிஞ்சதும் எலியை விட்டுடுவாளா?” என்றார் மாமி. இல்லை. நுரையீரலைக் கழுவி, மெல்லிசாகச் சீவிப் பார்த்தால்தான் உள்ளே நடந்தது தெரியும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றேன்.

“பாவம், இருமக்கூடத் தெரியாத ஜீவன்” என்றபடி மாமி அடுத்த படியில் கால் வைத்தார்.