கொக்கர் ஸ்பானியலின் காதும் கடலோர ஈரமும்

குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்ப்பதற்குக் கொக்கர் ஸ்பானியல் இன நாயைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் அதன் குணத்தையும் அளவையும் பார்த்தே முடிவெடுக்கின்றனர். புதர்களில் பதுங்கும் பறவைகளை எழுப்பிவிடுவதற்காக இங்கிலாந்தில் பழக்கப்பட்ட இந்த இனம், துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே வேலை செய்ய வேண்டியிருந்ததால், ஆளை விட்டு அதிகம் விலகாத இயல்புடையது. வளர்ந்த ஆங்கிலக் கொக்கரின் நிறை வழக்கமாக 13 முதல் 14.5 கிலோகிராம் வரை இருக்கும். ஆனால் திருகோணமலையின் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்காற்றுப் படும் வீட்டில் இதை வளர்ப்பவர் முதலில் அறிய வேண்டியது அதன் காதைத்தான்.

மனிதரின் காதுக் குழாய் ஏறத்தாழ நேராகவே செவிப்பறையைச் சென்றடைகிறது. நாயின் காதுக் குழாயோ 'ட' என்ற எழுத்தைப் போல முதலில் கீழ்நோக்கி இறங்கி, பின்னர் உட்புறமாகத் திரும்புகிறது. குழாயின் உட்தோல் செவிப்பறையிலிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்ந்து குறும்பியை வெளியே கொண்டுவருவதால், நலமான காது தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொள்ளும். கொக்கரின் குழாயில் குறும்பிச் சுரப்பிகளும் முடியும் பல இனங்களைவிட அதிகம். போதாததற்கு, நீண்டு தொங்கும் மடல் வாயிலை மூடிக்கொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே தேக்குகிறது. இயல்பாகவே தோலில் வாழும் மலசீசியா என்ற மதுவக் காளானும் சில பாக்டீரியாக்களும் அங்கே பெருகும்போது அரிப்பும் அழற்சியும் ஏற்படுகின்றன. வீங்கிய தோல் குழாயை ஒடுக்குகிறது. சுரப்பிகள் பருத்து மேலும் குறும்பியைச் சுரக்கின்றன. அது மீண்டும் கிருமிக்கே உணவாகிறது.

திருகோணமலையில் வாடை மழை பெய்யும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்தில் காது எளிதில் உலராது. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று வறண்டிருந்தாலும், தண்ணீரை விரும்பும் ஸ்பானியல் கடலில் நீந்திவிட்டு வந்தால் குழாயின் வளைவில் நீர் தங்கிவிடும். ஆகவே நீந்திய பின்னர் மடலை உயர்த்தித் துடைத்து உலரவிடுவதும், மடலின் உட்புறத்தில் வளரும் முடியைக் கத்தரித்து வைப்பதும் நல்லது.

தலையை ஓயாமல் உதறுதல், காலால் காதைச் சொறிதல், புளித்த வாடை ஆகியவை முன்னறிகுறிகளாகும். உதறலின் வேகத்தில் இரத்தக்குழாய் வெடித்து, மடலில் இரத்தம் கட்டுவதும் உண்டு. எப்போதும் சாதுவான நாய், தலையைத் தடவ வரும் பிள்ளையிடம் திடீரென உறுமினால், குணம் கெட்டுவிட்டது என்று தண்டிப்பதைவிடக் காதை மோந்து பார்ப்பது பயன்தரும்.

பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடுவது குறும்பியை வளைவுக்கு அப்பால் தள்ளிவிடும். வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் ஊற்றும் கைவைத்தியத்தையும் நான் ஏற்கமாட்டேன். மலசீசியா கொழுப்பை உண்டு வளர்வது. செவிப்பறை கிழிந்திருந்தால், காதில் விடும் எந்தத் திரவமும் நடுச்செவிக்குள் இறங்கக்கூடும் என்பதால், கால்நடை வைத்தியர் கருவியால் உள்ளே பார்த்த பிறகே மருந்து விட வேண்டும்.