தலைமை அலைவாங்கி அல்ல, பொது அலைவாங்கி

அடுக்கக வீடுகளின் தொலைக்காட்சி இணைப்பைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘தலைமை அலைவாங்கி’ வந்து நிற்கிறது. எல்லா வீட்டுக்குமாக மொட்டைமாடியில் ஒன்றே ஒன்றாக நிற்கும் மாஸ்டர் ஆன்டெனாவுக்கு யாரோ அகராதியைப் பார்த்துச் செய்த தமிழாக்கம். பின்னால் வந்தவர்கள் யோசிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். பொருளையே திரித்துவிடும் தவறு இது.

ஆன்டெனா லத்தீன் சொல். பாய்மரத்தில் பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்குப் பெயர். பூச்சியின் உணர்கொம்புக்கும் பிறகு கம்பியில்லாத் தந்திக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் அலைக்கம்பம், அலைவாங்கி இரண்டும் வழங்குகின்றன. கம்பம் என்பது தாங்கி நிற்பது. டிஷ்ஷைப் பார்த்து யாரும் கம்பம் என்று சொல்வதில்லை. அலைவாங்கியே சரி.

சிக்கல் ‘மாஸ்டர்’ என்பதில்தான். மாகிஸ்டர் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, மேலானவர் என்று பொருள். அதனால் ‘தலைமை’ என்று போட்டுவிட்டார்கள். ஆனால் தமிழில் தலைமை என்றால் கீழே அதே இனத்தில் பலர் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் இருப்பதால் தலைமை ஆசிரியர். காவலர்கள் இருப்பதால் தலைமைக் காவலர். மொட்டைமாடியில் நிற்கும் இந்த அலைவாங்கிக்குக் கீழே துணை அலைவாங்கி எங்கே இருக்கிறது? ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்கு ஒன்று வேண்டாம், எல்லாருக்கும் ஒன்று போதும் என்பதுதானே இந்த அமைப்பின் நோக்கமே! ‘தலைமை’ என்று படிப்பவர், தன் பால்கனியிலும் ஒன்று மாட்ட வேண்டுமோ என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

‘கூட்டு அலைவாங்கி’ என்பாரும் உண்டு. இரண்டு மூன்று அலைவாங்கிகளை அடுக்கிச் சேர்த்து ஒன்றாக வேலை செய்ய வைப்பதுதான் கூட்டு. அந்தப் பெயர் அதற்கு வேண்டும். ‘சமுதாய அலைவாங்கி’ கம்யூனிட்டியின் நேர்பெயர்ப்பு. கேபிள் டிவிக்கு வழங்கும் சி.ஏ.டி.வி. என்ற சுருக்கத்தின் ‘சி’ முதலில் கம்யூனிட்டிதான், கேபிள் அல்ல. ஆனால் அது ஊர் அளவிலான அமைப்பு, ஒரு கட்டடத்துக்கு உரியதல்ல.

ஆகவே பொது அலைவாங்கி என்கிறேன். பொது என்றால் அரசுடையது என்று தோன்றாதா என்று கேட்கிறார்கள். பத்திரத்தில் எழுதும் பொதுச்சுவர் இரண்டு வீட்டுக்காரருக்குத்தான் பொது, ஊருக்கு அல்ல. பொதுக்கிணறு, பொதுநடை எல்லாம் அப்படியே. பொது அலைவாங்கி என்றால் எவருக்கும் விளங்கும். டிஷ் சேர்ந்தால் செயற்கைக்கோள் பொது அலைவாங்கி.

தலை என்ற சொல்லுக்கு இந்த அமைப்பில் ஓர் இடம் உண்டு. அலைகளைச் சீராக்கி, பெருக்கி, கீழே அனுப்பும் ஹெட்எண்ட் அது. அதைத் ‘தலை முடிவு’ என்று எழுதுகிறார்கள், படிக்கவே வேதனையாக இருக்கிறது. வாய்க்கால் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்று நமக்கு எப்போதோ சொல் இருக்கிறது. கேபிளிலும் அதே கதைதான்: தலைமடையில் இருப்பவர் அதிகம் எடுத்தால் கடைமடை காயும். வழியில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விடும் டேப்பைக் ‘குழாய்’ என்று பெயர்த்திருக்கிறார்கள். கிளைமடை என்று சொல்லிப் பாருங்கள், வேலையே விளங்கிவிடும்.

இது வெறும் சொல்லாசை அல்ல. எட்டு மாடி, மாடிக்கு ஒரு வீடு, தலைமடையில் அலையின் வலிமை 90 டெசிபெல் மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கிளைமடைக்குப் பதில் ஒவ்வொரு மாடியிலும் இருவழிப் பிரிப்பானைத் தொடராகப் போட்டால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் போகும். கேபிள் இழப்பும் சேர்ந்து மேல்வீட்டில் 86, கடைசி வீட்டில் 61 என்று நிற்கும். 86 அளவுக்கு மீறிய வலிமை, டிவியின் டியூனர் திணறும். மேல்வீட்டுக்காகப் பெருக்கியை 16 குறைத்தால் கடைசி வீட்டுக்கு 45தான்; படம் கட்டம் கட்டமாக உடையும். மேலே, வீட்டுக்கு 20 டெசிபெல் குறைத்துத் தரும் கிளைமடையில் தொடங்கி, கீழே போகப்போக 16, 12, 8 என்று இறக்கினால் எல்லா வீட்டிலும் 70-ஐ ஒட்டி நிற்கும். இதையெல்லாம் கையால் செய்யும் வயர்மேனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேசையில் அகராதியை விரித்துச் சொல் செய்தால் ‘குழாய்’தான் வரும்.

டிஷ் இணைப்பில் பொது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டிலுள்ள செட்டாப் பெட்டி கேபிள் வழியே டிஷ்ஷுக்கு 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை வரும், 18 அனுப்பினால் கிடை அலை. 22 கிலோஹெர்ட்ஸ் தொனி சேர்ந்தால் மேல் அலைவரிசை, இல்லாவிட்டால் கீழ் அலைவரிசை. சாதாரணப் பிரிப்பானைப் போட்டால், ஒரு வீட்டின் 18 வோல்ட் எல்லாரையும் கிடை அலைக்கு இழுத்துவிடும். 13 கேட்ட வீட்டில் சேனல் மறையும். நான்கு வகை அலையையும் தனித்தனியே வாங்கி, வீட்டுக்கு வீடு கேட்டதைத் தரும் மல்டிஸ்விட்ச் அங்கே வேண்டும். அதற்குப் ‘பன்முக ஆளி’ என்கிறார்கள். முகம் எங்கிருந்து வந்தது? தேர்ந்து தருவதால் அலைத்தெரிவி எனலாம்.

கடைமடையில் மாட்டும் 75 ஓம் டெர்மினேட்டர் ‘முடிப்பான்’ ஆகியிருக்கிறது. அது எதையும் முடிப்பதில்லை. மிஞ்சி வரும் அலையை வாங்கி வெப்பமாக்குகிறது. இல்லாவிட்டால் அலை எதிரொலித்துத் திரும்பி மேல்வீடுகளில் சில சேனல்களை மட்டும் கெடுக்கும். ஈற்றில் நிற்கும் மின்தடை, ஆகவே ஈற்றுத்தடை.